பத்து மணிக்கு மேல பக்கத்து டென்ட்டும் தூங்கணும்! - கேம்பிங் போற தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

யோசெமிட்டி தேசியப் பூங்காவுல, அதுவும் அப்பர் பைன்ஸ் கேம்ப்கிரவுண்ட்ல இடம் கிடைச்சிருக்குன்னு நீ சொன்னதும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாத்தான் இருந்துச்சு தங்கச்சி. அஞ்சு மாசம் முன்னாடியே, 15-ம் தேதி காலை 7 மணிக்கு, கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து பட்டனை அழுத்தினாலும் சில நிமிஷத்துல தீர்ந்துபோற இடமாச்சே அது! கோடை லீவு வந்துட்டா கலிஃபோர்னியா பே ஏரியாவுல இருக்கற நம்ம ஊர்க் குடும்பங்க மூணு நாலா சேர்ந்து கிளம்பறது வழக்கம். நீயும் அப்படித்தான் போற. டென்ட், அடுப்பு, ஸ்லீப்பிங் பேக்னு பெரிய லிஸ்ட்டே போட்டு எனக்கு அனுப்பின. எல்லாம் சரி. அந்த லிஸ்ட்ல இல்லாத ஒண்ணைப் பத்தித்தான் இதை எழுதறேன்: ராத்திரியில பிள்ளைங்க எப்படி இருக்கணும்?

அப்பர் பைன்ஸ்ல 230-க்கும் மேல டென்ட் போடற இடங்கள் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் குழந்தைகளையும் சேர்த்து ஆறு பேர் வரைக்கும் தங்கலாம். ஒருத்தருக்கும் இன்னொருத்தருக்கும் நடுவுல சுவர் கிடையாது, வெறும் துணிதான். ராத்திரி 10 மணியிலேர்ந்து காலை 6 மணி வரைக்கும் அமைதி நேரம். இதை வெறும் வேண்டுகோள்னு நினைச்சுடாத. அமெரிக்க தேசியப் பூங்காக்களுக்கான சட்ட விதியிலயே அந்த நேரத்துல கேம்ப்கிரவுண்ட்ல அளவு மீறிச் சத்தம் போடக் கூடாதுன்னு இருக்கு.

பல வருஷமா பிள்ளைங்களோட கேம்பிங் போய் நான் கண்டுகிட்டது ஒண்ணே ஒண்ணுதான். இருட்டின பிறகு 'ஷ்ஷ்ஷ்'னு சொல்லி எந்தக் குழந்தையையும் அடக்க முடியாது. ராத்திரிப் பழக்கத்தைப் பகல்லயே சொல்லிக் கொடுத்துடணும். வாய்க்கு மட்டும் சொன்னா போதாது. கை, கால், கண்ணு எல்லாத்துக்கும் பழக்கணும். அதை எப்படிச் செய்யறதுன்னு வரிசையா சொல்றேன்.

1. மிரட்டாத, காரணத்தைச் சொல்லு

"சத்தம் போட்டா பூங்கா ரேஞ்சர் வந்து பிடிச்சுட்டுப் போயிடுவார்"னு மட்டும் சொல்லிடாத. குழந்தை வழி தவறிட்டா முதல்ல போய் நிக்கவேண்டியது அந்த ரேஞ்சர்கிட்டதான். அவரைப் பார்த்தே பயந்து ஒளிஞ்சுக்கிட்டா என்ன ஆகறது?

உண்மையான காரணமே போதும். ஹாஃப் டோம்ங்கற பெரிய பாறையோட உச்சிக்குப் போறவங்க போக, வர 14-லேர்ந்து 16 மைல், அதாவது 22-லேர்ந்து 26 கிலோமீட்டர் நடக்கணும். பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஆகும். கடைசியில செங்குத்தான பாறையில இரும்புக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஏறணும். அதுக்கு அனுமதிச் சீட்டு வேணும். ஒரு நாளைக்குச் சுமார் 300 பேருக்குத்தான் கொடுப்பாங்க, அதுவும் குலுக்கல்ல. அந்தப் பாதை தொடங்கற ஹாப்பி ஐல்ஸ், அப்பர் பைன்ஸுக்குப் பக்கத்துலயேதான் இருக்கு. அதனால உன் பக்கத்து டென்ட்ல இருக்கறவங்க ராத்திரி எட்டரைக்கே படுத்துட்டு, மூணு நாலு மணிக்கு எழுந்து கிளம்பறவங்களா இருக்கலாம். பகல்ல பிள்ளைங்களுக்கு ஹாஃப் டோமைக் காட்டி, "நம்ம பக்கத்து டென்ட் அண்ணன் நாளைக்கு அங்க ஏறப் போறாராம். அவர் நல்லாத் தூங்கினாத்தான் பத்திரமா ஏறி இறங்க முடியும்"னு சொல்லிப் பாரு. ஏழு வயசுக் குழந்தைக்கும் அது புரியும். ராத்திரி அதுவே தம்பி வாயைப் பொத்தும்.

2. வீட்டு ஹால்லயே ஒத்திகை

டென்ட்டை வாங்கி அட்டைப்பெட்டியோடவே கார்ல ஏத்தாத. ஒருநாள் சாயங்காலம் ஹால்லயோ பின்பக்கப் புல்தரையிலயோ போட்டுப் பாரு. விளக்கை அணைச்சுட்டுப் பிள்ளைங்களை உள்ள விடு.

முதல் பாடம் ஜிப். குழந்தைங்க ஜிப்பை ஒரே இழுப்புல 'சர்ர்ர்'னு இழுப்பாங்க. நடுராத்திரியில அந்தச் சத்தம் பக்கத்துல இருக்கறவங்களைத் தூக்கிப் போடும். ஒரு கையால துணியை இழுத்துப் பிடிச்சு, இன்னொரு கையால ஜிப்பை மெதுவா நகர்த்தணும். துணி தொளதொளன்னு இருந்தா ஜிப் சிக்கும். சிக்கினா அழுகை வரும். இறுக்கிப் பிடிச்சா வழுக்கிக்கிட்டுப் போகும். இதை விளையாட்டா வச்சுடு: அப்பா கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருப்பார், ஜிப் சத்தம் அவர் காதுல விழாம வெளிய வர்றவங்களுக்கு ஜெயம்.

ரெண்டாவது பாடம் 'ராத்திரிக் குரல்'. ரகசியம் பேசச் சொன்னா குழந்தைங்க 'ஸ்ஸ், ஷ்ஷ்'னு காத்தை ஊதிப் பேசும். அது அமைதியான இடத்துல பளிச்சுன்னு கேட்கும். அதைவிடக் குரலைத் தாழ்த்தி, ஆள் பக்கத்துல போய், காதோரம் பேசப் பழக்கு. "ஆள் கைக்கெட்டற தூரத்துல இல்லைன்னா பேச்சு கிடையாது"ங்கறது எங்க வீட்டு விதி. டென்ட்டுக்கு டென்ட் கூப்பிடறது அந்த ஒரு விதியிலயே நின்னுபோச்சு.

மூணாவது, வார்த்தையே இல்லாத சைகைகள். கையை ரெண்டு தடவை அழுத்தினா 'பாத்ரூம் போகணும்'. மூணு தடவை அழுத்தினா 'பயமா இருக்கு'. இதைக் கத்துக்கறதுல பிள்ளைங்களுக்குத் தனி சந்தோஷம்.

3. போய் இறங்கினதும் எல்லையைக் காட்டு

டென்ட் போடறதுக்கு முன்னாடி பிள்ளைங்க கையைப் பிடிச்சுக்கிட்டு உன் இடத்தைச் சுத்தி ஒரு நடை நட. "இந்த மரம் வரைக்கும் நம்ம வீடு. அந்தப் பாறைக்கு அப்புறம் அவங்க வீடு. அடுத்தவங்க வீட்டு ஹால் வழியா நாம நடப்போமா?"ன்னு கேளு. இந்தத் தப்பைத்தான் பிள்ளைங்க அதிகம் பண்றாங்க. பாத்ரூமுக்குக் குறுக்கு வழின்னு அடுத்தவங்க டென்ட்டை உரசிக்கிட்டு ஓடுவாங்க. பகல்லயே அது நல்ல பழக்கம் இல்ல. ராத்திரியில டென்ட்டைக் கட்டின கயிறு கால்ல மாட்டிக் குழந்தையும் விழும், டென்ட்டும் ஆடும், உள்ள தூங்கறவங்களும் அலறுவாங்க.

வெளிச்சம் இருக்கும்போதே ரோடு வழியா பாத்ரூம் வரைக்கும் கூட்டிட்டுப் போய்க் காட்டு. வழியில அடையாளம் வச்சுக்கச் சொல்லு: சாய்ஞ்ச மரம், குப்பைத்தொட்டி, இட எண் எழுதின கட்டை. இருட்டினதும் அதே வழியில இன்னொரு தடவை டார்ச்சோட கூட்டிட்டுப் போ. பாத்ரூம் கதவைக் கை விடாம பிடிச்சு மூடற வரைக்கும் சொல்லிக் கொடு. விட்டா 'டமார்'னு அடிக்கற கதவு சில இடத்துல இருக்கும், பக்கத்து இடத்துல படுத்திருக்கறவங்க பாடு அவ்வளவுதான்.

நம்ம குரூப்ல ஒரு ஆபத்து உண்டு. ஒரு இடத்துக்கு ஆறு பேர்தான்ங்கறதால நாலு குடும்பம் நாலு இடம் எடுத்திருப்பீங்க. சில நேரம் நடுவுல வேற ஒருத்தர் இடம் மாட்டிக்கும். பிள்ளைங்க இங்கயும் அங்கயும் ஓடறது அவங்க இடத்து வழியாத்தான் இருக்கும். ரோடு வழியாத்தான் போகணும்னு முதல் மணி நேரத்துலயே கறாரா சொல்லிடு.

4. சத்தம் எவ்வளவு தூரம் போகும்னு காதாலயே கேட்கட்டும்

இருட்டத் தொடங்கறப்போ ஒரு சின்னச் சோதனை. ஒரு பெரியவர் குழந்தையைக் கூட்டிக்கிட்டு உங்க இடத்தோட ஓரத்துல, ரோட்டுல போய் நிக்கட்டும். மத்தவங்க டென்ட்டுக்குள்ள உட்கார்ந்து சாதாரணமா பேசுங்க. என்ன கேட்டுச்சுன்னு குழந்தை வந்து சொல்லணும். எங்க சின்னவன் ஓடி வந்து, "அம்மா, அப்பா ரம்மியில தோத்ததை நீ சித்திகிட்ட சொன்னது ரோடு வரைக்கும் கேட்குது"ன்னான். அன்னிக்கு ராத்திரி குரலைத் தாழ்த்தினது அவன் மட்டும் இல்ல, நானும்தான்.

கொஞ்சம் பெரிய பிள்ளைங்கன்னா அறிவியலையும் சொல்லு. பகல்ல தரை சூடாகி, மேல போகப் போகக் காற்று குளிர்ச்சியா இருக்கும். அப்போ சத்தம் மேல் பக்கமா வளைஞ்சு போயிடும். ராத்திரியில தரை சீக்கிரம் குளிர்ந்துடும். தரையை ஒட்டின காற்று குளிர்ச்சி, அதுக்கு மேல இருக்கறது கொஞ்சம் சூடு. மேல கிளம்பின சத்தம் திரும்பத் தரைப்பக்கமே வளைஞ்சு வரும். போதாக்குறைக்குக் கார் சத்தம், ஆள் நடமாட்டம் எல்லாம் அடங்கியிருக்கும். அதனாலதான் பகல்ல பத்தடி தாண்டாத பேச்சு ராத்திரியில நாலு டென்ட் தாண்டிப் போகுது.

5. வெளிச்சமும் தொந்தரவுதான்

ஆளுக்கொரு ஹெட்லேம்ப் வாங்கிக் கொடுத்திருப்ப. குழந்தை யாரைப் பார்க்குதோ, அவங்க கண்ணுல அது அடிக்கும். அது வேணும்னு செய்யறதில்ல. தலை திரும்பற பக்கம் விளக்கும் திரும்புது, அவ்வளவுதான். சின்னப் பிள்ளைங்களுக்கு ஹெட்லேம்பைத் தலையில மாட்டாம கழுத்துல மாலையா, கீழ்நோக்கி வெளிச்சம் விழற மாதிரி மாட்டி விடு. "வெளிச்சம் நம்ம கால் மேலதான் விழணும்"னு ஒரே விதி போதும்.

நம்ம கண்ணு இருட்டுக்கு நல்லாப் பழக 20 முதல் 30 நிமிஷம் ஆகும். ஒரு தடவை வெள்ளை வெளிச்சம் அடிச்சா அந்தப் பழக்கம் போயிடும், மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். சிவப்பு வெளிச்சம் அந்த அளவுக்குக் கெடுக்காது. நிறைய ஹெட்லேம்ப்ல சிவப்பு விளக்கு இருக்கு. ஒன்பது மணிக்கு மேல சிவப்பு மட்டும்தான்னு சொல்லிடு.

டென்ட்டுக்குள்ள விளக்கு எரிஞ்சா வெளிய இருந்து பார்க்கத் தோல்பாவைக்கூத்துத் திரை மாதிரிதான் இருக்கும். உள்ள கையை ஆட்டினாலும், சட்டையை மாத்தினாலும் நிழல் தெரியும். குழந்தையை வெளிய நிக்க வச்சு ஒரு தடவை காட்டிடு. பெரிய பொண்ணு இருக்கறவங்க இதைக் கட்டாயம் செய்யணும். துணி மாத்தறப்போ விளக்கை அவளே அணைச்சுக்குவா.

வெளிச்சத்தைக் குறைச்சா கிடைக்கற பரிசையும் காட்டு. ராத்திரி எல் கேப்பிட்டன் பாறைக்கு முன்னாடி இருக்கற புல்வெளிப் பக்கம் போய் நின்னா, அந்த 3,000 அடிப் பாறையில அங்கங்க குட்டிக் குட்டியா வெளிச்சம் தெரியறதுண்டு. பாறை ஏறறவங்க நடுவழியில, தொங்குகட்டில்ல படுத்துக்கிட்டு எரிய விடற விளக்கு அது. அதைப் பார்த்த குழந்தை தன் டார்ச்சைத் தானே அணைச்சுடும்.

6. குக்கர் விசிலும் எவர்சில்வர் தட்டும்

நம்ம வீட்டுச் சாப்பாட்டுக்குச் சத்தம் அதிகம். ராத்திரி ஒன்பதரைக்குக் குக்கர் விசில் அடிச்சா, அது என்னன்னே தெரியாத பக்கத்து வீட்டு மனுஷன் எழுந்து ஓடுவார். முதல் நாளுக்குப் புளியோதரை, எலுமிச்சை சாதம், சப்பாத்தின்னு வீட்டுலயே செஞ்சு எடுத்துக்கோ. பிரியாணி போட்டே ஆகணும்னா மதியத்துக்குப் போடு. ஜூன் கடைசியில சூரியன் மறையவே எட்டு மணி தாண்டிடும், நல்லா இருட்ட ஒன்பது ஆயிடும். வெளிச்சம் இருக்கேன்னு சமையலைத் தள்ளிப் போட்டா, இருட்டுக்கும் பத்து மணிக்கும் நடுவுல கிடைக்கற அந்த ஒரு மணி நேரத்துல சாப்பாடு, பாத்திரம், பல் தேய்ப்பு, பாத்ரூம் எல்லாம் முண்டியடிக்கும். குழந்தைங்க கத்தறது அப்பத்தான். ஏழு, ஏழரைக்குள்ள சாப்பாட்டை முடிச்சுடு.

எவர்சில்வர் தட்டு, டம்ளரை வீட்டுலயே வச்சுட்டு, மெலமைன் தட்டு எடுத்துட்டுப் போ. பாத்திரத்தைக் கல் மேல வைக்காம துணி விரிச்சு வைக்கச் சொல்லு.

7. கரடிப்பெட்டியை மூடறதும் ஒரு கலை

ஒவ்வொரு இடத்துலயும் கரடிக்கு எட்டாம சாப்பாட்டை வைக்கக் கனமான இரும்புப் பெட்டி ஒண்ணு இருக்கும். சாப்பாடு மட்டும் இல்ல. பற்பசை, சோப்பு, லிப் பாம், குழந்தையைத் துடைக்கற வெட் வைப்ஸ்னு வாசனை உள்ள எல்லாம் அதுக்குள்ளதான் போகணும். ராத்திரியில கார்ல கூட வைக்கக் கூடாது. யோசெமிட்டில இருக்கறது கருங்கரடி. நிறம் பெரும்பாலும் பழுப்பா இருக்கும். மோப்பத்துல கெட்டி, கார் கதவையே பிய்ச்சிருக்கு.

இதுவும் அடுத்தவங்களுக்காகத்தான்னு பிள்ளைங்களுக்குச் சொல்லு. உன் டென்ட்ல இருக்கற கடலை மிட்டாய்க்காக வர்ற கரடி, வழியில இருக்கற நாலு டென்ட்டையும் மோந்து பார்த்துட்டுத்தான் வரும். மனுஷச் சாப்பாட்டுக்குப் பழகிட்ட கரடி ஆளுங்களைப் பயமுறுத்த ஆரம்பிச்சா, கடைசியில அதைக் கொல்ல வேண்டிய நிலைமையும் வரும். குழந்தைங்களுக்கு இது மனசுல தைக்கும்.

படுக்கப் போறதுக்கு முன்னாடி 'பாக்கெட் சோதனை' வச்சுடு. எல்லாரும் வரிசையா நின்னு பாக்கெட்டை வெளிய இழுத்துக் காட்டணும். பிஸ்கட் துண்டு, சூயிங்கம், சாக்லேட் காகிதம் ஏதாவது ஒண்ணு கண்டிப்பா வரும். எல்லாத்தையும் ஒன்பது மணிக்குள்ள உள்ள போட்டு, கதவைக் கையால தாங்கிச் சாத்தி, கொக்கியை மெதுவா மாட்டச் சொல்லு. பொருள் ஒண்ணொண்ணா ஞாபகம் வந்து பத்தரைக்கு மேல இரும்புக் கதவைத் திறந்து திறந்து மூடற குடும்பம் எல்லா வரிசையிலயும் ஒண்ணு இருக்கும். அது உன் குடும்பமா இருக்கக் கூடாது.

8. கத்த வேண்டிய ஒரே நேரம்

இதைச் சொல்லாம விட்டா பிள்ளைங்க குழம்பிடும். கேம்ப்கிரவுண்டுக்குள்ள கரடி வந்துட்டா எத்தனை மணியானாலும் சத்தம் போடணும். பூங்காக்காரங்களே அப்படித்தான் சொல்றாங்க: தள்ளி நின்னு, எல்லாரும் ஒண்ணாச் சேர்ந்து, முடிஞ்ச அளவுக்குக் கத்தி விரட்டணும்; கரடியைச் சுத்தி வளைச்சுடக் கூடாது. குழந்தை தனியா விரட்டப் போகக் கூடாது. பெரியவங்களை உடனே கூப்பிடணும். அதே மாதிரி வயித்துவலி, மூச்சுத் திணறல், தெரியாத ஆள் கூப்பிடறதுன்னா குரலை அடக்க வேண்டியதில்ல. அமைதிங்கறது ஆபத்தை மறைக்கறதுக்கு இல்லன்னு தெளிவாச் சொல்லிடு.

9. நெருப்பை அணைக்கறதே தாலாட்டு ஆகட்டும்

யோசெமிட்டிப் பள்ளத்தாக்குல மே 1-லேர்ந்து செப்டம்பர் 30 வரைக்கும் சாயங்காலம் 5 மணியிலேர்ந்து ராத்திரி 10 மணி வரைக்கும்தான் கேம்ப் ஃபயருக்கு அனுமதி. பத்து மணிக்கு நெருப்பு அணைஞ்சிருக்கணும்னா ஒன்பதரைக்கே ஆரம்பிக்கணும். தண்ணி ஊத்து, குச்சியால கிளறு, மறுபடி ஊத்து. கடைசியில பெரியவங்க யாராவது புறங்கையை மேல காட்டிச் சூடு இருக்கான்னு பார்க்கணும். மண்ணைப் போட்டு மட்டும் மூடினா உள்ள கங்கு கனன்றுக்கிட்டே இருக்கும்.

இதுல குழந்தைங்களுக்குப் பங்கு கொடு. ஒருத்தர் தண்ணி கொண்டுவர, இன்னொருத்தர் 'ஊத்து, கிளறு'ன்னு சொல்ல. "போய்ப் படு"ன்னு அதட்டினா வராத பிள்ளை, நெருப்பு அணைஞ்சதும் தானா எழுந்து போகும். பேய்க்கதையை எட்டு மணிக்கே சொல்லி முடிச்சுடு. படுக்கறதுக்கு முன்னாடி சொன்னா நடுராத்திரியில அலறல் நிச்சயம்.

அதுக்கப்புறம் அஞ்சு நிமிஷம் 'காது விளையாட்டு'. எல்லாரும் வாய் திறக்காம உட்கார்ந்து, கேட்கற சத்தத்துக்கு ஒரு விரல் மடக்கணும். மெர்செட் ஆத்துத் தண்ணி, பைன் மரத்துல காத்து, ஆந்தை, தூரத்துல கயோட்டி ஊளை. அதிக விரல் மடக்கினவங்களுக்குக் காலையில முதல் பான்கேக்.

10. காரை மறந்துடாத

கார் பூட்டறப்போ வர்ற 'பீப்', கதவு 'டப்', உள்விளக்கு, முகப்பு விளக்கு எல்லாமே தொந்தரவு. ராத்திரிக்கு வேண்டிய போர்வை, டயப்பர், ஸ்வெட்டர் எல்லாத்தையும் இருட்டறதுக்கு முன்னாடியே டென்ட்டுக்குள்ள கொண்டுபோயிடு. காரைப் பட்டனால பூட்டாம சாவியால பூட்டு. சாவியை மட்டும் குழந்தை கையில கொடுத்துடாத. அபாய பட்டனை அழுத்திடுச்சுன்னா மொத்தக் கேம்ப்கிரவுண்டும் எழுந்து உட்காரும்.

11. டென்ட்டுக்குள்ள: குளிரும் பயமும்

பாதி ராத்திரியில அழற குழந்தை அடமா அழல. குளிரும், இல்ல பயமா இருக்கும். பள்ளத்தாக்கே 4,000 அடி உயரத்துல இருக்கு. கோடையிலயும் ராத்திரி குளிரும். பகல் முழுக்க ஓடி வேர்த்த உடுப்போட படுக்க விடாத. காய்ஞ்ச பனியன், சாக்ஸ், குல்லாய் போட்டு விடு. மேல எத்தனை போர்வை போட்டாலும் தரை கீழேருந்து சூட்டை உறிஞ்சிடும். அடியில நல்ல மெத்தை போடணும்.

பயத்துக்கு மருந்து: டார்ச் ஆளுக்கொண்ணு தலைமாட்டுல, செருப்பு வாசல்ல ஒரே இடத்துல, அம்மா கைக்கெட்டற தூரத்துல. படுக்கப் போற நேரத்துல எல்லாரும் சேர்ந்து பாத்ரூம் போயிட்டு வந்துடுங்க, வேண்டாம்னு சொல்ற குழந்தையும்தான். எழுந்து அழுதா அதட்டாத. உன் அதட்டல் அதோட அழுகையைவிடத் தூரம் போகும். அணைச்சுக்கிட்டு முதுகைத் தடவிக் கொடு.

கைக்குழந்தை இருக்கற தோழி கூட வர்றான்னா ஓரத்து இடத்தை அவளுக்குக் கொடுங்க. சாயங்காலமே பக்கத்து டென்ட்டுக்குப் போய், "குழந்தை இருக்கு, அழுதா மன்னிச்சுக்கங்க"ன்னு சிரிச்ச முகத்தோட சொல்லிட்டு வரட்டும். உன் பெரியவளையும் கூட அனுப்பு. அடுத்தவங்ககிட்ட முன்கூட்டியே சொல்றது எப்படின்னு அவளும் பார்க்கட்டும்.

12. விடியற்காலையும் ராத்திரிதான்

அஞ்சரைக்கே எழுந்துட்ட குழந்தைக்கு இன்னும் அரை மணி நேரம் அமைதி நேரம் பாக்கி இருக்குன்னு தெரியாது. தலைமாட்டுல ஒரு 'காலைப் பை' வச்சுடு: படப் புத்தகம், கலர் பென்சில், சீட்டுக்கட்டு. தின்பண்டம் மட்டும் கூடாது, கரடி ஞாபகம் இருக்கட்டும். அதுக்கும் அடங்கலைன்னா ஒருத்தர் குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஆத்துப் பக்கம் நடங்க. டென்ட்டெல்லாம் தாண்டினப்புறம் பேச்சு.

ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருந்தா அவங்களுக்கும் நயமாச் சொல்லி வை. விடியற்காலை நாலரைக்குப் போன்ல சுப்ரபாதம், பாத்ரூம்ல தொண்டையைக் காறிக் கொப்பளிக்கறதுன்னு நம்ம வீட்டுல சகஜம். இயர்போன் ஒண்ணு மாட்டி விட்டா சுவாமி கோவிச்சுக்க மாட்டார்.

எந்த வயசுக்கு என்ன எதிர்பார்க்கலாம்?

நாலு வயசுக்குள்ள: விதி எதுவும் வேண்டாம். வழக்கமான தூக்க நேரம், வழக்கமான போர்வை, பொம்மை. மத்தது உன் பொறுப்பு.

அஞ்சிலேர்ந்து எட்டு: ஆளுக்கொரு பதவி கொடு. ஜிப் அதிகாரி, விளக்கு அதிகாரி, பெட்டி அதிகாரி. ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் வாங்கிக் கொடு. அதுல இருக்கற வேலைகளை முடிச்சா உறுதிமொழி சொல்லி பேட்ஜ் வாங்கலாம். அம்மா பத்துத் தடவை சொன்னது ஏறாத காதுல ரேஞ்சர் ஒரு தடவை சொன்னது ஏறும்.

ஒன்பதிலேர்ந்து பன்னிரண்டு: காரணம் சொல்லு, சின்னவங்களைப் பார்த்துக்கற பொறுப்பைக் கொடு. இவங்க கூட்டம் சேர்ந்தா இருட்டுல கண்ணாமூச்சி ஆடத் தோணும். அதை இருட்டறதுக்கு முன்னாடியே ஆடி முடிக்க விடு.

டீன் ஏஜ்: இவங்க பிரச்சினை போனும் சிரிப்பும்தான். ஒரே டென்ட்ல நாலு பேரைப் போட்டா ஒரு மணி வரைக்கும் சிரிப்பாங்க. ரெண்டு ரெண்டா பிரிச்சுடு.

கடைசியா, பெரியவங்களுக்கு

இவ்வளவு சொன்னேனே, ராத்திரி கேம்ப்கிரவுண்ட்ல அதிகச் சத்தம் யாருதுன்னு நினைக்கற? பெரும்பாலும் நம்மளோடதுதான். பிள்ளைங்களைப் படுக்க வச்சுட்டுப் பெரியவங்க அந்தாக்ஷரி பாடறது, புளூடூத் ஸ்பீக்கர்ல இளையராஜா போடறது, ரம்மியில ஜெயிச்சவர் தொடையைத் தட்டிக்கிட்டுச் சிரிக்கறது. கலிஃபோர்னியாவுல ராத்திரி ஒன்பதுன்னா கோடையில நம்ம ஊர்ல மறுநாள் காலை ஒன்பதரை. அத்தை, மாமா எல்லாரும் வீடியோ கால்ல வந்து, "எங்க, டென்ட்டைக் காட்டு"ம்பாங்க. சிக்னல் சரியில்லன்னா நம்ம குரல் இன்னும் ஏறும். இதையெல்லாம் டென்ட்டுக்குள்ள இருந்து பிள்ளைங்க கேட்டுக்கிட்டுத்தான் இருக்கும்.

பக்கத்துல இருந்து யாராவது வந்து, "கொஞ்சம் சத்தத்தைக் குறைக்க முடியுமா?"ன்னு கேட்டா, விளக்கம் சொல்லிக்கிட்டு நிக்காம, "மன்னிச்சுக்கங்க"ன்னு சொல்லிட்டுக் குறைச்சுடு. வேற யாராவது சத்தம் போட்டா ஒரு தடவை மரியாதையாப் போய்ச் சொல்லு. கேட்கலைன்னா சண்டைக்கு நிக்காம ரேஞ்சர்கிட்ட விட்டுடு. ரெண்டையும் பிள்ளைங்க பார்த்துக் கத்துக்கும்.

அதனால கிளம்பறதுக்கு முன்னாடி உங்க வாட்ஸ்அப் குரூப்ல, மெனுவோட சேர்த்து இதையும் போட்டுடு: "ஒன்பதரைக்கு நெருப்பு அணைக்கறோம். பத்து மணிக்கு எல்லாரும் டென்ட்டுக்குள்ள, அப்பாக்களும் சேர்த்து." பெரியம்மா சொன்னாங்கன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லு, அக்கா சொன்னாங்கன்னு உன் வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லு. பத்து மணின்னா எல்லாருக்கும் பத்து மணிதான்.